சமூகவியல் வகுப்பில் பங்கேற்புக் கற்றல்: கல்லூரி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சமூகவியல் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பிற துறை ஆசிரியர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. சாதி, குடும்பம், பாலினம், வர்க்கம், இடப்பெயர்வு என்று பாடத்திட்டம் வரிசைப்படுத்தும் அனைத்தும், பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் அன்றாட வாழ்க்கையாகவே வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றன. அந்த வசதியே இந்தப் பாடத்தின் ஆபத்தாகவும் இருக்கிறது. ஒரு மாணவியின் வீட்டு நிலையோ ஒரு மாணவரின் சாதியோ 'எடுத்துக்காட்டாக' வகுப்பின் நடுவே வைக்கப்பட்டால், அவர் அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த எடுத்துக்காட்டாகவே பார்க்கப்படக்கூடும். மாணவர் தம் வாழ்க்கையை ஆராயும் ஆய்வாளராக வளர வேண்டும். பிறர் பார்க்கும் காட்சிப்பொருளாக ஆகிவிடக் கூடாது. பின்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நெறியை ஒட்டியே அமைக்கப்பட்டுள்ளன.

வழிகாட்டி கருத்தில் கொள்வது தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் இளங்கலை வகுப்பை. ஏறத்தாழ அறுபது மாணவர்கள், நகர்த்த முடியாத பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடவேளை, ஆங்கிலத்தில் பாடநூலும் தமிழில் சிந்தனையும் என்பதே அங்குள்ள நிலை. புரொஜெக்டரோ இணைய வசதியோ இல்லாமல் செய்யக்கூடிய பங்கேற்புக் கற்றல் முறைகளையே, அதாவது மாணவர்கள் கேட்பதோடு நில்லாமல் தாமே பேசியும் செய்தும் கற்கும் முறைகளையே, இங்கே விளக்குகிறேன்.

விரிவுரையை மட்டும் நம்பியிருப்பதில் என்ன குறை என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைச் சார்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதமாகவும், மாணவர்கள் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதமாகவும் இருந்ததைக் காட்டியது. அவை சமூகவியல் வகுப்புகள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கேட்டதைத் திருப்பி எழுதுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளி எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த மற்றோர் ஆய்வு ஆசிரியருக்கு இன்னும் பயனுள்ளது. பங்கேற்புமுறையில் படித்த மாணவர்கள் அதிகமாகக் கற்றிருந்தார்கள். ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். ஆகவே, "நோட்ஸ் கொடுத்தால் போதும் சார்" என்று மாணவர்கள் முதல் வாரத்தில் சொல்வதை முறையின் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. உழைத்துக் கற்பது கடினமாகத் தோன்றும் என்பதை அவர்களிடம் முதல் நாளிலேயே விளக்கிவிடுவது நல்லது.

முதல் படி: ஒரு கருத்தாக்கத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாடத்திட்டம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்ற முயல வேண்டாம். ஓர் அலகுக்கு ஒரு கருத்தாக்கம் போதும். சொன்னால் விளங்கிவிடுபவற்றை விரிவுரைக்கே விட்டுவிடலாம். சமூகவியலின் முன்னோடியான அகஸ்த் கோம்ட் எப்போது வாழ்ந்தார் என்பதற்குக் குழு விவாதம் தேவையில்லை. மாணவர்கள் வரையறையைச் சரியாக எழுதிவிட்டு, பயன்படுத்தும்போது தவறும் கருத்தாக்கங்களே இதற்கு உரியவை: ஆதிக்க சாதி (ஓர் ஊரில் செல்வாக்கு மேலோங்கிய சாதி), சமஸ்கிருதமயமாக்கம் (மேல்நிலைச் சாதியின் வழக்கங்களைப் பின்பற்றித் தம் நிலையை உயர்த்த முயல்தல்), உள்ளுறைச் செயற்பாடு (யாரும் கருதாமல் ஏற்படும் விளைவு), சமூக உண்மை (தனிமனிதருக்கு வெளியே இருந்து அவரைக் கட்டுப்படுத்தும் நடைமுறை) போன்றவை. தேர்ந்தெடுத்தபின், அந்த அலகின் முடிவில் மாணவர் எதைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஆதிக்க சாதியை விளக்குதல்' என்பது போதாது; 'ஓர் ஊரைப் பற்றிய விவரங்களைக் கொடுத்தால், அங்கே எந்தக் குழு ஆதிக்க சாதி என்பதைக் காரணங்களோடு வாதிடுதல்' என்பது போதும். செயல்பாட்டின் வடிவம் அந்த வாக்கியத்திலிருந்து தானாக வெளிப்படும்.

இரண்டாம் படி: வகுப்பின் ஒப்பந்தம்

முதல் வாரத்தில் சில விதிகளை மாணவர்களோடு பேசி முடிவுசெய்து, அனைவரும் நோட்டில் எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். யாருடைய சாதியையும் குடும்ப வருமானத்தையும் வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது. ஆசிரியருக்கும் இது பொருந்தும். சொந்த அனுபவத்தைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். சொல்லாததற்காக மதிப்பெண் குறையாது. 'எங்கள் ஆட்கள்', 'அவர்கள் ஆட்கள்' என்று பேசாமல், ஆதாரம் எது என்று கேட்டுப் பேச வேண்டும். தனிப்பட்ட செய்தி தேவைப்படும் இடங்களில் பெயரில்லாத துண்டுச்சீட்டு மட்டுமே பயன்படும். அதையும் ஆசிரியர் மட்டுமே படித்து, தொகுத்த வடிவில் மட்டுமே சொல்வார்.

குழு பிரிக்கும்போது மாணவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், விடுதி, ஊர், பேருந்துத் தடம் என்ற பழைய பிரிவுகளே குழுக்களாகும். அவற்றின் அடியில் சாதியும் இருக்கும். வருகைப் பதிவேட்டு எண்ணை ஆறால் வகுத்து, ஒரே மீதி வருபவர்கள் ஒரு குழு என்ற எளிய கணக்கு இதைத் தவிர்க்கிறது. எழுதுபவர், பேசுபவர் என்ற பொறுப்புகளையும் முறைவைத்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாணவிகள் எழுதுவதும் மாணவர்கள் பேசுவதுமாகப் பருவம் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: விரிவுரையின் நடுவே ஒரு கேள்வி

தொடங்குவதற்கு மிக எளிய முறை இது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறைப்படி, மாணவர் முதலில் தனியே சிந்திக்கிறார், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார், பிறகு வகுப்போடு பகிர்கிறார். பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை. தனியே சிந்திக்கும் இரண்டு நிமிடங்களில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எழுதாதவர் அடுத்தவர் சொல்வதற்குத் தலையாட்டிவிடுவார்.

இதற்கு அடுத்த வடிவம், எரிக் மஸூர் 1991 முதல் ஹார்வர்டில் இயற்பியலுக்காக உருவாக்கிய சக மாணவர் கற்பித்தல். நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, ஒரே நேரத்தில் விரல்களை மார்போடு ஒட்டிக் காட்டச் செய்யலாம். அப்போது அடுத்தவரைப் பார்த்து விடை மாற்ற முடியாது. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்திலிருப்பவரோடு வாதிடச் சொல்லி மீண்டும் வாக்கெடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மறுபடி விளக்க வேண்டும். மிகுந்தால் மேலே செல்லலாம்.

கேள்வி நல்லதாக அமைவதிலேயே எல்லாம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் வெளிப்படைச் செயற்பாடு, உள்ளுறைச் செயற்பாடு என்ற வேறுபாட்டுக்கு நான் பரிந்துரைப்பது சத்துணவுத் திட்டம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல சாதிக் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது எவ்வகைச் செயற்பாடு? பெரும்பாலோர் உள்ளுறைச் செயற்பாடு என்பார்கள். திட்டமிட்டவர்கள் அதையும் கருதியிருந்தால் விடை என்ன என்று அடுத்து கேளுங்கள். மெர்ட்டனின் வேறுபாடு, செயலைச் செய்பவர்கள் அந்த விளைவைக் கருதினார்களா, உணர்ந்தார்களா என்பதைப் பொறுத்தது என்பது அப்போதுதான் விளங்கும். சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிக் குழந்தைகளை உண்ண விடாமல் தடுத்த நிகழ்வுகள் செய்திகளில் வந்ததை ஒரு மாணவர் நினைவூட்டினால், செயற்பிறழ்வு (சமூகத்தின் இயக்கத்துக்குத் தடையாகும் விளைவு) என்ற மூன்றாவது கருத்தாக்கத்துக்கும் வாசல் திறந்துவிடும்.

நான்காம் படி: ஆதிக்க சாதிக்கு ஒரு பிரித்துச் சேர்க்கும் வகுப்பு

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், 'ஜிக்சா' எனப்படும் இந்தப் பிரித்துச் சேர்க்கும் முறையை உருவாக்கினார். இனப் பிரிவினை முடிவுக்கு வந்து வெள்ளை, கறுப்பின, லத்தீன் குழந்தைகள் ஒரே வகுப்பில் முதன்முதலாக அமர்ந்தபோது எழுந்த பகைமையைக் குறைப்பதே அவர் நோக்கம். ஒவ்வொருவரிடமும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும். அடுத்தவரின் துண்டு இல்லாமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. பிரிவினையின் கதை வேறாக இருந்தாலும், நம் வகுப்பறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியின் இராம்புரா கிராம ஆய்வின் வழியாக வளர்த்தெடுத்த ஆதிக்க சாதிக் கருத்தாக்கம் இதற்கென்றே அமைந்தது போல் ஐந்து கூறுகளைக் கொண்டது: எண்ணிக்கை பலம், நில உடைமை, அரசியல் அதிகாரம், நவீனக் கல்வியும் வேலையும், சடங்குப் படிநிலையில் இடம். இரண்டு பாடவேளைகள் தேவைப்படும்.

முதல் நாளில் வகுப்பைப் பன்னிரண்டு பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூறு பற்றிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் கொடுங்கள். பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில் பேச முடியாது. நால்வராகப் பிரிந்து படிக்கலாம். ஒவ்வொரு குழுவும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: இந்தக் கூறு மட்டும் இருந்தால் ஆதிக்கம் கிடைக்குமா? இதை ஓர் ஊரில் அளப்பது எப்படி?

இரண்டாம் நாளில் ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒருவர் என ஐவர் கொண்ட பன்னிரண்டு புதிய குழுக்கள் அமைய வேண்டும். அவர்களுக்கு ஆசிரியர் தாமே எழுதிய ஊர் விவரத்தைத் தருகிறார். அதில் சாதிப் பெயர் எதுவும் இருக்காது. 'க', 'ங', 'ச' என்றே குழுக்கள் குறிக்கப்படும். 'க' குழுவினர் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், நிலம் குறைவு. 'ங' குழுவினர் கோயில் மரியாதை பெறுபவர்கள், பெரும்பாலோர் நகரத்துக்குக் குடிபெயர்ந்து நிலத்தை விற்றுவிட்டார்கள். 'ச' குழுவினர் நிலமும் ஊராட்சித் தலைவர் பதவியும் உடையவர்கள், எண்ணிக்கையில் நடுத்தரம். யார் ஆதிக்க சாதி என்று ஒவ்வொரு குழுவும் அரைப்பக்கத்தில் வாதிட வேண்டும். குழுக்களின் முடிவுகள் வேறுபடும். அந்த வேறுபாடே பாடம். எந்தக் கூறு பிறவற்றை இழுத்து வருகிறது என்ற கேள்விக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும். தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றைச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 'ஸ்ரீபுரம்' என்ற மாற்றுப்பெயரில் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், நிலமும் அதிகாரமும் சாதிப் படிநிலையிலிருந்து மெல்லப் பிரிந்து செல்வதைக் காட்டியது. அதை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தினால் மாணவர்கள் ஏற்கெனவே தாங்கள் எழுப்பிய கேள்விக்கு விடையாக அதைப் படிப்பார்கள்.

சாதிப் பெயர்களை நீக்குவது பிரச்சினையை மூடி மறைப்பதாகாதா என்று கேட்கலாம். வகுப்பு ஒரு பருவம் சேர்ந்து உழைத்தபின் உண்மையான பெயர்களோடு பேசலாம், பேசவும் வேண்டும். தொடக்கத்திலேயே பெயர்களை வைத்தால், கருத்தாக்கத்தைக் கற்பதற்கு முன்பே பாதி மாணவர்கள் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள், மீதிப் பாதி மௌனமாகிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: எண்களோடு ஒரு வாரம்

சமூகவியல் மாணவர்கள் புள்ளிவிவரத்துக்கு அஞ்சுவது நம் கல்லூரிகளில் பரவலான நிலை. அந்த அச்சத்தைப் போக்க, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில், கடந்த வார நாள் ஒன்றின் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக் கட்டங்களாகத் தாம் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். அரசின் ஆய்வும் இதே வடிவத்தையே பயன்படுத்தியது. தாளில் பெயர் வேண்டாம். ஆணா பெண்ணா, வீடா விடுதியா என்பவை மட்டும் போதும். வீட்டாரைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டாம். அது அவர்கள் அனுமதியின்றி அவர்களை ஆராய்வதாகும்.

அடுத்து, சமையல், துப்புரவு, துணி துவைத்தல், தண்ணீர் எடுத்தல், குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றுக்குக் குறியீடு கொடுத்துக் குழுக்கள் தாள்களைக் கூட்ட வேண்டும். குறியீடு கொடுக்கும்போதே கேள்விகள் எழும். தங்கையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது பராமரிப்பா, பயணமா? அடுப்பில் சோறு வேகும்போது படித்தால் அந்த அரை மணி எதில் சேரும்? இந்த வாதங்களை ஆசிரியர் விரைந்து தீர்த்துவைக்கக் கூடாது. வகைப்படுத்துதல் ஒரு சமூகச் செயல் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

மூன்றாவதாக, தேசிய எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஊதியமில்லா வீட்டுவேலையில் (குழந்தை, முதியோர் பராமரிப்பு இதில் சேராது) ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். மூன்று மடங்கு வேறுபாடு என்று வகுப்பு சொல்லும். அப்போது அடுத்த எண்களைத் தாருங்கள்: ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 சதவீதத்தினர் அந்த வேலையில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 சதவீதத்தினர் மட்டுமே. 299ஐ 0.812ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 243, 97ஐ 0.261ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 25. எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு ஏறத்தாழ பத்து மடங்கு. எந்த மக்கள்தொகையின் சராசரி என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை ஒரு பெருக்கல் கணக்கு காட்டிவிடுகிறது.

கடைசியாக, தம் வகுப்பின் எண்களைத் தேசிய எண்களோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு கல்லூரி வகுப்பின் அறுபது பேர் நாடு முழுவதையும் காட்ட மாட்டார்கள் என்பதை மாதிரித் தேர்வின் குறையாக அவர்களே எழுதினால் ஆய்வுமுறையியல் தாளின் ஓர் அலகு இங்கேயே நிறைவேறியதாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய தனிமனித இடருக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பை இந்த வாரத்தின் இறுதியில் கற்பித்தால், தன் வீட்டு வேலைப்பளுவைத் தன் விதி என்று எண்ணியிருந்த மாணவிக்கு அது வேறு விதமாகக் கேட்கும்.

ஆறாம் படி: விளையாட்டும் எச்சரிக்கையும்

சமத்துவமின்மையைக் கற்பிக்க, மாணவர்களை வரிசையில் நிறுத்தி, 'உங்கள் பெற்றோர் பட்டதாரிகளாக இருந்தால் ஓரடி முன்னே வாருங்கள்' என்று சொல்லும் பயிற்சி பல பயிலரங்குகளில் நடத்தப்படுகிறது. அதை நம் கல்லூரி வகுப்புகளில் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். பின்னால் நிற்பவரின் வலியைச் செலவிட்டு முன்னால் நிற்பவருக்குப் பாடம் நடத்துவது அது. மாற்றாக, கற்பனை மனிதர்களின் விவரம் எழுதிய அட்டைகளைக் கொடுத்து அந்த மனிதராக நகரச் செய்யலாம். ஆர். காரி ஷர்ட்ஸ் 1969இல் வடிவமைத்த ஸ்டார்பவர் விளையாட்டும் பயன்படும். சமமில்லாத வில்லைகளோடு மூன்று குழுக்கள் வணிகம் செய்கின்றன. ஒரு கட்டத்தில் முன்னணிக் குழுவுக்கு விதிகளை எழுதும் உரிமை கிடைக்கிறது. அவர்கள் பெரும்பாலும் தமக்குச் சாதகமாகவே எழுதுகிறார்கள். புளியங்கொட்டையும் சோழியும் போதும். விளையாட்டுக்கு ஒதுக்கும் அதே அளவு நேரத்தை அதன்பின் நடக்கும் உரையாடலுக்கும் ஒதுக்க வேண்டும்; கோபத்தோடு மாணவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் தம் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போல் நடந்துகொள்ளச் சொன்ன விதிமீறல் சோதனைகளையும் படித்து விவாதிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் சிறிய மீறலுக்கும் படிப்பு நிறுத்தப்படக்கூடிய மாணவிகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

ஏழாம் படி: வகுப்புக்கு வெளியே

எளிய களப்பயிற்சியாக மணமக்கள் விளம்பரங்களின் உள்ளடக்கப் பகுப்பாய்வு அமையும். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளிலிருந்து இருபது விளம்பரங்களை எடுத்து, உட்பிரிவு, நட்சத்திரம், நிறம், சம்பளம், 'சாதி தடையில்லை' ஆகியவற்றை இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். இருவரும் எத்தனை இடங்களில் ஒத்துப்போனார்கள் என்று கணக்கிட்டால் நம்பகத்தன்மை என்ற சொல் பொருள் பெறும். நகரப் பேருந்தில் யார் எங்கே அமர்கிறார்கள், 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் அந்த இடப்பங்கீடு எப்படி இருக்கிறது என்று கவனித்துக் குறிப்பெழுதுவதும் நல்ல பயிற்சி.

பெரிய அளவில் செய்ய விரும்புவோருக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பாடத்தின் முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், பாடநூலை மட்டும் நம்பாமல், கேள்விப் பட்டியலோடு மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டின் தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அவர்களின் குறிப்புகள் 1918இல் நூலாயின. அவ்வூர்களுக்கு 1930களிலும் அதற்குப் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றார்கள். மாணவர்களின் விடுமுறைப் பயிற்சி ஒரு நூற்றாண்டுத் தொடராய்வின் முதல் ஏடாகியது.

இதைப் பின்பற்ற, கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரே ஊரையோ தெருவையோ ஆண்டுதோறும் ஆராயுங்கள். ஊராட்சித் தலைவரிடம் மட்டும் அனுமதி பெற்றால் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஊரின் எல்லாப் பகுதிகளுக்கும், குறிப்பாகக் காலனிக்கும், சம நேரம் ஒதுக்க வேண்டும். மாணவர் தம் சொந்தத் தெருவுக்கு நேர்காணலுக்குச் செல்லாமல் வேறு தெருவுக்குச் செல்வது இருதரப்புக்கும் நல்லது. களக்குறிப்பை அன்றிரவே எழுத வேண்டும். பார்த்ததை இடப்பக்கமும் தாம் நினைத்ததை வலப்பக்கமும் எழுதும் பழக்கம், கவனிப்பையும் கருத்தையும் பிரித்தறியக் கற்பிக்கும். முந்தைய ஆண்டு மாணவர்களின் தொகுப்பை அடுத்த ஆண்டினரிடம் ஒப்படைத்தால் அவர்கள் மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

எட்டாம் படி: மதிப்பெண்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்ற பங்கீடு இருக்கும்வரை, மதிப்பெண்ணில் சேராத எந்தச் செயல்பாடும் நீடிக்காது. அசைன்மென்ட், செமினார் என்ற தலைப்புகளில் ஏற்கெனவே உள்ள மதிப்பெண்களையே நேரப் பயன்பாட்டு அறிக்கைக்கும் களக்குறிப்பேட்டுக்கும் ஒதுக்கலாம். இதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் பொதுவாகத் தேவைப்படாது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுத்தால் உழைத்தவர் ஏமாறுவார். குழுவின் அறிக்கைக்குப் பாதியும், அதே பொருளில் ஒவ்வொருவரும் வகுப்பிலேயே தனியாக எழுதும் ஒரு பக்கத்துக்குப் பாதியும் என்று பிரிப்பது நியாயமானது. தமிழில் எழுதுவோருக்கும் ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் அளவுகோல் ஒன்றே என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அகத்தேர்வின் வினாத்தாளும் மாற வேண்டும். 'ஆதிக்க சாதி என்றால் என்ன?' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக, மாணவர்கள் முன்பு பார்த்திராத புதிய ஊர் விவரத்தைக் கொடுத்து, யார் ஆதிக்க சாதி, எந்தத் தகவல் கிடைத்தால் உங்கள் முடிவு மாறும் என்று கேளுங்கள். முடிவுக்கு இரண்டு, கூறுகளைப் பயன்படுத்தியதற்கு ஐந்து, முடிவை மாற்றக்கூடிய தகவலைச் சரியாகச் சுட்டியதற்கு மூன்று என்று மதிப்பெண் பிரித்து, அந்தப் பங்கீட்டை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.